இன்ஸ்டாவில் விற்கிற ரீஃபில் பாட் வேப்: என் தம்பிக்கு நடந்தது உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம்

திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக பனியன் கம்பெனி, மில், ஒர்க்‌ஷாப் என்று ஷிப்ட் வேலைக்குப் போகிற பையன்களும் அவர்கள் வீட்டில் இருக்கிறவர்களும் படிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் "ரீஃபில் பாட், டெய்லி யூஸுக்கு பெஸ்ட், 1,200 ரூபாய்தான், கோவை சுத்தி எங்க வேணும்னாலும் டெலிவரி" என்று ஓடுகிற பக்கங்களில் எதையும் வாங்காதீர்கள். ரீஃபில் பாட் வேப் என்பது நிகோடின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கிற பேட்டரி இ-சிகரெட்; பாட் என்பது அதில் திரவத்தை மறுபடி மறுபடி ஊற்றிக்கொள்கிற சின்னக் கூடு. என் தம்பி வாங்கினான். பொருள் போலி. அதில் ஊற்றக் கொடுத்த திரவத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவன் கொடுத்த முகவரியையும் போன் நம்பரையும் வைத்தே அவனை மிரட்டி 18,000 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்.

நான் அவிநாசியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பேட்டரியும் சார்ஜிங் போர்டும் தினமும் என் கையில் புழங்குகிறவை. அதனால் அந்தச் சாமானைப் பிரித்து, அளந்து, என்ன பார்த்தேனோ அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தம்பிக்கு திருப்பூரில் நிட்டிங்கில் வேலை. மிஷின் ஓடும்போது பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் வாசலிலேயே செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நைட் ஷிப்டில் ஒரு சிகரெட் பிடிக்க வேண்டுமென்றால் கேட்டைத் தாண்டி வெளியே வந்து போக வேண்டும், சூப்பர்வைசரிடம் பேச்சும் வாங்க வேண்டும். வீட்டில் அவனுக்குப் பொண்ணு பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். சிகரெட்டை விட்டுவிட வேண்டும் என்று அவனுக்கு உண்மையாகவே எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்தைத்தான் அவர்கள் காசாக்கினார்கள். எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான்.

விற்றவனோடு தம்பி பேசிய சாட் முழுவதையும் படித்தேன். "ப்ரோ, இது சிகரெட்டைவிட 95 சதவீதம் சேஃப், இங்கிலாந்து கவர்ன்மென்ட்டே சொல்லியிருக்கு" என்று விற்றவன் எழுதியிருந்தான். 2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை அப்படி ஒரு மதிப்பீட்டைச் சொன்னது நிஜம்தான். ஆனால் அந்த ஊரில் இந்தத் திரவத்துக்கு நிகோடின் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. பாட் கூட்டின் கொள்ளளவு 2 மில்லி, திரவ பாட்டிலின் அளவு 10 மில்லி, அதற்கு மேல் விற்க முடியாது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று அரசுக்குத் தெரிவித்த பிறகுதான் கடைக்கே வரும். சிகரெட்டை விட முடியாதவர்கள் மாறிக்கொள்ளலாம் என்று அங்கே சொல்கிறார்கள் என்றால் இத்தனை கட்டுப்பாட்டுக்கு நடுவில் சொல்கிறார்கள். அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்து இங்கே கொண்டுவந்து, பெயரே இல்லாத ஒரு பாட்டிலை விற்கிறார்கள்.

நம் ஊர் நிலைமை வேறு. தமிழ்நாடு 2018-லேயே இதைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அந்த டிசம்பரிலேயே அது முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எதற்கும் அனுமதி இல்லை. முதல் தடவை மாட்டினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 3 வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். ஸ்டாக் வைத்திருந்தாலே 6 மாதம் வரை உள்ளே போகலாம். விற்றவன் இதில் ஒரு வார்த்தையைக்கூடத் தம்பியிடம் சொல்லவில்லை. பில் உண்டா என்று அவன் கேட்டதற்கு "ஆன்லைன் ஆர்டருக்கு பில் வராது ப்ரோ, வாரண்டி மூணு மாசம் நாங்க தர்றோம்" என்று மட்டும் பதில்.

சரி, வந்த சாமானுக்கு வருகிறேன்.

பெட்டி பார்க்க அச்சு அசலாக இருந்தது. சீனாவில் பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் பெயர், பக்கவாட்டில் சுரண்டிப் பார்க்கிற ரகசிய எண், அதற்கு ஒரு கியூஆர். ஸ்கேன் செய்து எண்ணைப் போட்டால் "ஒரிஜினல்" என்று பச்சை டிக் வருகிறது. எனக்கு ஒரு சந்தேகம். எண்ணை அழித்துவிட்டு வெறும் பூஜ்ஜியங்களாக அடித்தேன். அதற்கும் பச்சை டிக். எதைப் போட்டாலும் ஒரிஜினல் என்று சொல்லத்தான் அந்தப் பக்கத்தையே உருவாக்கி வைத்திருக்கிறார்கள்.

மேலே 1000 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) என்று போட்டிருந்தது. தம்பிக்கு ஷிப்டில் பாதிகூட ஓடவில்லை. யூஎஸ்பி டெஸ்டரை நடுவில் மாட்டி ஏற்றிப் பார்த்தேன், 400-க்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிட்டது. பிரித்தால் உள்ளே சுண்டுவிரல் அளவுக்கு ஒரு செல், சுற்றியிருந்த மஞ்சள் டேப்பை உரித்தால் 380 என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது. டைப்-சி போர்ட் வைத்திருக்கிறார்கள், ஆனால் அதற்குரிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை போர்டில் போடவில்லை. அதனால் இரண்டு முனையும் டைப்-சி ஆக இருக்கிற கேபிளில் சார்ஜே ஏறாது. அதுகூடப் போகட்டும். லித்தியம் செல் 4.2 வோல்ட்டில் சார்ஜ் நிற்க வேண்டும். மீட்டரை வைத்துக்கொண்டு பார்த்தேன், 4.3-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தது. நிறுத்துவதற்கான பாதுகாப்பு ஐசி அந்த போர்டில் இல்லை. பிடுங்கிவிட்டேன். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிற பையன் அவன். காலையில் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஞ்சு பறக்கிற இடத்துக்குப் போவான். தீப்பெட்டி வேண்டாம் என்று வாசலில் வாங்கி வைக்கிற கம்பெனிக்குள் எந்த நேரத்தில் பற்றும் என்று சொல்ல முடியாத ஒரு செல் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது.

அடுத்து காயில், அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிற கம்பிச் சுருள். பாட் ஒவ்வொன்றிலும் காயிலின் மின்தடை 0.8 ஓம் என்று போட்டிருக்கிறது. மல்டிமீட்டரில் ஒன்று 0.5 காட்டியது, இன்னொன்று 1.1. பவரைக் கட்டுப்படுத்துகிற சர்க்யூட்டும் இதில் கிடையாது, பேட்டரி வோல்டேஜ் நேராகக் காயிலுக்குப் போகிறது. 3.7 வோல்ட்டில் 0.8 ஓம் என்றால் 17 வாட். அதே 0.5 ஆக இருந்தால் 27 வாட். அந்தச் சூட்டுக்கு உள்ளே இருக்கிற பஞ்சுத் திரி ஈரம் காய்ந்து கருகும். தம்பி "கரிஞ்ச வாடை அடிக்குதுங்ணா, தொண்டை எரியுது" என்று சொன்னது இதனால்தான். திரவம் ஊற்றி பத்து நிமிடம் திரி ஊறட்டும், அப்புறம் இழு என்று விற்றவன் சொன்னான். ஊற வைத்துத்தான் இழுத்தான், பயனில்லை. இந்தத் திரவத்தில் பெரும்பங்கு புரோபிலீன் கிளைக்காலும் கிளிசரினும். அளவுக்கு மேல் சூடானால் அவை சிதைந்து ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் உண்டாகும். இரண்டும் நுரையீரலை அரிக்கிற சரக்கு.

திரவம் 30 மில்லி பாட்டில், மாம்பழ ஃப்ளேவர், 450 ரூபாய். லேபிளில் 50 மில்லிகிராம் என்று மட்டும் இருந்தது. தயாரித்தவர் பெயர், பேட்ச் எண், தேதி எதுவுமே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிக்கு 50 என்றால் 2 மில்லி பாட் ஒன்றில் 100 மில்லிகிராம் நிகோடின். ஒரு சிகரெட் பிடித்தால் உடம்பில் ஏறுவது சுமார் 1 முதல் 2 மில்லிகிராம். பாட் கூட்டுக்குள் இருப்பது முழுவதும் ஏறாதுதான். ஆனால் சிகரெட் என்றால் ஒன்று முடிந்ததும் கை தானாக நிற்கும். இதற்கு முடிவு என்று ஒன்று கிடையாது, மிஷினுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் இழுத்துக்கொண்டே இருக்கலாம். நிகோடினை உப்பு வடிவத்தில் கலந்திருப்பதால் தொண்டையில் காரமும் தெரியாது, எவ்வளவு உள்ளே போனது என்றே பிடிபடாது. சிகரெட்டை விடுவதற்காக வாங்கியவனுக்கு முன்பைவிட அதிக நிகோடின் ஏறியிருக்கிறது.

ஒரு நாள் நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டான். வேர்த்துக் கொட்டுகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, இரண்டு வாந்தி. அம்மா ஓடி வந்து "ஏஞ்சாமி, மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சே, என்ன தின்னே?" என்று கேட்கிறார்கள், அவனால் பதில் சொல்ல முடியவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் பொறுமையாக விசாரித்து, நிகோடின் அளவு மீறியதன் அறிகுறி என்று சொன்னார். இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, அன்று முழுதும் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார். அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது.

அமெரிக்காவில் 2019, 2020-இல் வேப் பிடித்து நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர், அதில் 2020 பிப்ரவரி வரை இறந்தவர்கள் 68 பேர். அங்கே முக்கியக் காரணமாகக் கண்டுபிடித்தது, கடைக்கு வெளியே கை மாறிய கஞ்சா திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட். தம்பி வாங்கியதில் அது இருந்தது என்று நான் சொல்லவில்லை. யார், எங்கே, எதைக் கலக்கிறார்கள் என்று கேட்க ஆள் இல்லாத திரவம் என்ன செய்யும் என்பதற்காகச் சொல்கிறேன். என் வீட்டில் தவழ்கிற குழந்தை இருக்கிறது. மாம்பழ வாசம் அடிக்கிற அந்த பாட்டிலுக்குக் குழந்தைகள் திறக்க முடியாத மூடிகூடக் கிடையாது. நிகோடின் வாய் வழியாகவும் ஏறும், தோல் வழியாகவும் ஏறும். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

காசைத் திருப்பித் தரச் சொல்லி தம்பி மெசேஜ் போட்டான். முதலில் "வேற பாட் அனுப்பறோம், ஷிப்பிங் 150 போடுங்க" என்று விற்றவன் சொன்னான். தம்பி போட்டான், எதுவும் வரவில்லை. வாரண்டி என்று கேட்டதும் "போலீஸ்ல போய் சொல்லு, வாங்குனது நீதான்" என்று சொல்லிவிட்டு பிளாக் செய்துவிட்டான்.

அதற்கப்புறம் வந்ததுதான் பெரிய அடி. வாட்ஸ்அப் வீடியோ காலில் காக்கி உடை போட்ட ஒருவன். சென்னை ஏர்போர்ட் கஸ்டம்ஸில் தம்பி பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, தடை செய்த பொருள், இன்றைக்கே வாரண்ட் வரும், 18,000 அபராதம் கட்டினால் கேஸை மூடிவிடலாம் என்று மிரட்டியிருக்கிறான். வீட்டு முகவரி சொன்னான், என்ன ஃப்ளேவர் வாங்கினான் என்பதுவரை சொன்னான். விற்றவனிடம் இருந்த விவரம் இவனுக்கு எப்படிப் போயிருக்கும்? போனை வைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்று மணிக்கணக்கில் கேமரா முன்னால் உட்கார வைத்திருக்கிறான். பொண்ணு பார்க்கிற நேரத்தில் கேஸ் என்று ஆனால் என்ன ஆகும் என்கிற பயத்தில் பையன் கட்டிவிட்டான்.

போலீஸோ கஸ்டம்ஸோ வாட்ஸ்அப்பில் அபராதம் வாங்க மாட்டார்கள். தனி ஆளின் யூபிஐக்குப் போகிற காசு அரசாங்க அபராதம் ஆகாது. வீடியோ காலில் கைது செய்வது என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் இல்லை. நம் பையன்களுக்கு இதைச் சத்தமாகச் சொல்லிவையுங்கள்.

எனக்குத் தெரிந்த உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அடித்தேன். சைபர் கிரைம் இணையதளத்திலும் பதிவு செய்தோம். 6,000 ரூபாயை ஒரு கணக்கில் முடக்கியிருப்பதாகத் தகவல் வந்தது, மீதி அதற்குள் வேறு கணக்குக்குப் போய்விட்டது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் பிடித்திருக்கலாம் என்று அங்கே பேசியவர் சொன்னார். வேப் வாங்கியதையும் மறைக்காமல் புகாரில் எழுதச் சொன்னேன், எழுதினான். யாரும் அவனைக் கடிந்து பேசவில்லை.

சிகரெட்டை விடுவதற்கு நம் நாட்டில் வழி இருக்கிறது, காசும் கேட்க மாட்டார்கள். 1800-11-2356, புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண். தம்பி வாங்கிய சிகரெட் பாக்கெட்டிலேயே அந்த எண் அச்சடித்திருக்கிறது. நிகோடின் கம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், அதில் 2 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் 2 மில்லிகிராம்தான் இருக்கும். டாக்டர் சொன்னபடி அவன் இப்போது அதைத்தான் மென்றுகொண்டிருக்கிறான். சில நாள் எரிச்சலாக இருக்கிறான், சில நாள் பரவாயில்லை.

அந்தப் பக்கம் பெயரை மாற்றிக்கொண்டு அதே படங்களோடு இன்னும் ஓடுகிறது. கண்ணில் பட்டால் ரிப்போர்ட் அடியுங்கள். கையில் ஏற்கனவே இந்தச் சாமான் இருந்தால் சார்ஜில் போடாதீர்கள், குப்பையிலும் வீசாதீர்கள், செல் நசுங்கினால் பற்றிக்கொள்ளும். பேட்டரி வாங்குகிற இ-வேஸ்ட் இடத்தில் கொடுத்துவிடுங்கள். காசு கேட்டு அந்த மாதிரி கால் வந்தால் உடனே கட் செய்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். காசு போயிருந்தால் அதே நிமிடம் 1930. யூபிஐ டிரான்ஸாக்‌ஷன் எண், கால் வந்த நம்பர், சாட்டின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள், புகார் எடுக்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.