ராத்திரி வைத்தியம்: தனித்தனியாகவா, ஒரே இடத்திலா?

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களுக்கான 2004 அரசு ஒப்பந்தத்துக்குப் பிறகு, மாலை 6.30 முதல் காலை 8 வரையும் வார இறுதியிலும் நோயாளிகளைப் பார்க்கும் பொறுப்பிலிருந்து அவர்களில் பலர் விலகிக்கொண்டார்கள். அந்த நேரத்துக்கென்று தனிச் சேவை. 111 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைத்தால், தேவைப்படும்போது மருத்துவர் பேசுவார். படுத்த படுக்கையான முதியவர் என்றால் வீட்டுக்கே வருவார். இது சின்ன விஷயமில்லை. ஆனால் எக்ஸ்ரே வேண்டுமென்றால் வேறிடம் போய், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

சரி, அவசர சிகிச்சை மையத்தோடு இதை இணைத்தால்? சுளுக்கோ காய்ச்சலோ, எங்கே போவது என்று தவிக்க வேண்டாம். மருத்துவரும் செவிலியரும் ஒரே பதிவேட்டைப் பார்க்கலாம். கைக்குழந்தையோடு அலைபவர்களை நினைத்தால் எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. தூரம்தான் சிக்கல்: காரில்லாத கிராமத்தவர் நடுராத்திரியில் எப்படிப் போவார்? வீட்டுக்கு வரும் மருத்துவரை அப்போதும் நிறுத்தக் கூடாது.