வீடு மாற்றி லீவு: மூன்றாவது தடவை, கடைசி நாள், இரண்டு ஏரிகள்

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு மச்சாள் குடும்பம் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். நாங்கள் அவர்களுடைய பேர்ன் வீட்டில் இருப்போம். இப்படி வீட்டை மாற்றிக்கொண்டு லீவு கழிப்பது இது மூன்றாவது தடவை. திருவிழா 25 நாள்; அத்தனை நாளுக்கு சுவிஸில் ஹோட்டல் எடுக்க எங்களால் முடியாது. வாடகை இல்லையென்றாலும் விமானச் சீட்டும் விசாவும் பெரிய செலவுதான்.

சொந்தக்காரர் வீடு என்பதால் எல்லாம் சுலபம் என்று நினைக்கவேண்டாம். முதல் தடவை சாதாரணப் பையில் குப்பையைக் கட்டி வெளியே வைத்தோம். அது அப்படியே கிடந்தது. நகரசபைக் கட்டணம் சேர்த்து விற்கும் பையில்தான் போடவேண்டுமாம். உடுப்புத் தோய்க்கும் அறையும் கட்டடத்துக்கே பொது, எங்களுக்கென்று ஒரு நாள். எங்கள் வீட்டில் மச்சாள் ஆட்கள், கரண்ட் போனால் கிணற்று மோட்டர் ஓடாது என்பதை மறந்து, தலையில் சவர்க்காரத்தோடு நின்றார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு குசினியிலும் இப்படியான விஷயங்களை எழுதிவைக்க ஒரு கொப்பி வைத்தோம். வீடு மாற்ற நினைப்பவர்கள் முதலில் செய்யவேண்டியது அதுதான்.

இந்த முறை கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மச்சாள் எழுதியிருந்தா: "கடைசி நாள் வீடு கூட்டிக்கொண்டு நிக்கவேண்டாம். முதல் நாளே முடிச்சிட்டு பாக்ஆல்ப்ஸே ஏரிக்குப் போங்கோ." முந்தைய இரண்டு தடவையும் கடைசி நாள் துடைத்துக் கழுவியே போனது. அதனால் அவ சொன்னபடி செய்தோம்.

இன்டர்லாக்கனில் ரயில் மாறி கிரிண்டெல்வால்ட், அங்கிருந்து கேபிள் காரில் ஃபியர்ஸ்ட். ஒரு மாத அரைக்கட்டண அட்டை ரயிலுக்கு மட்டுமல்ல, இந்தக் கேபிள் காருக்கும் செல்லும். நீண்ட லீவுக்கு அது கட்டாயம் வேண்டும். மேலே மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் தூரம் இல்லை, நேரம்தான். நிற்காமல் நடப்பவர்களின் நேரம் அது. ஒரு மணித்தியால நடை, அம்மாவோடு எங்களுக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம் பிடித்தது. சாதாரணச் சப்பாத்து போதும், ஆனால் பனியில் ஈரமான புல்லில் வழுக்குகிறது.

ஏரி 2,265 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். பெயரில் மட்டும் மலை இருக்கிற கீரிமலையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு மூச்சு வாங்கியது. உண்மையில் இரண்டு ஏரிகள்: மேலே பெரியது, இயற்கையான ஒரு வரம்புக்குக் கீழே சிறியது. காற்று எழும்பும்வரை ஷ்ரெக்ஹோர்ன் சிகரம் தண்ணீரில் தலைகீழாக அசையாமல் நின்றது. பாணும் சம்பலும் கையில் இருந்தும் யாரும் சாப்பிடவில்லை.

அம்மா குனிந்து தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டா. அன்று நல்லூரில் தீர்த்தம். மச்சாள் அனுப்பிய படம் காலையிலேயே வந்திருந்தது. "எங்கட நிலாவரைக் கிணத்தில தண்ணியைக் குனிஞ்சு பார்ப்பம். இஞ்ச ஏறி வந்தெல்லோ பார்க்கவேண்டிக் கிடக்கு" என்றா.

இரவு வீட்டுக்கு வந்ததும் கொப்பியை வாங்கி, மச்சாளின் வரிக்குக் கீழே தானே எழுதினா: "ஏரிக்கரையில் குளிர் காத்து. சால்வை கொண்டுபோகவும்."