கூட்டு யாவாரத்துக்குக் காசு கொடுக்குமுன் எழுத்து கேளுங்கள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் ஒரே ஏமாற்று திரும்பத் திரும்ப நடக்கிறது. தோட்டத்தில் ஓய்வு பெற்றவர் கைக்குச் சேமலாப நிதி வந்ததும், டவுனில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் வருகிறார். "காச போடுங்க மாமா, கடைய நான் பாத்துக்கிறேன், லாபம் பாதிப் பாதி." சில மாதம் பங்கு வரும். பிறகு யாவாரம் மந்தம் என்பார். பிறகு போன் எடுக்கமாட்டார். பிரதேச செயலகத்தில் விசாரித்தால், வியாபாரப் பெயர் அவர் ஒருவர் பெயரில்தான் பதிவாகியிருக்கும்.

வழக்குக்குப் போனால் குறுக்கே நிற்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. மூலதனம் 1,000 ரூபாயைத் தாண்டினால், எழுதிக் கையொப்பமிடாத பங்குடமை (கூட்டு யாவாரம்) செல்லாது. இன்றைக்கு எந்தக் கடை அந்தத் தொகைக்குள் அடங்கும்?

கொடுமை என்னவென்றால், அதே பிரிவு கடன் கொடுத்தவர்களைத் தடுப்பதில்லை. நீங்கள் பங்காளர் என்பதை அவர்கள் உங்கள் நடத்தையை வைத்தே நிரூபிக்கலாம். அவர் கடனுக்கு எடுத்த சரக்குக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பு. லாபம் கேட்க வழியில்லை, கடனுக்கு மட்டும் ஆள் நீங்கள்!

ஏற்கனவே கொடுத்தவர்கள் வங்கிச் சிட்டை, குறுஞ்செய்தி, கணக்குக் கொப்பி எதையும் எறியாதீர்கள். பங்காளர்களுக்கிடையே கணக்குத் தீர்த்ததைப் பற்றி வாய்மொழிச் சாட்சியத்துக்கு இடமுண்டு. எழுத்தில்லாத கடனாக வழக்காடுவதென்றால் காலவரையறை 3 வருடம். எழுத்து இருந்தால் 6. தவணை சொல்லி இழுப்பவரை நம்பி அதைக் கடத்திவிடாதீர்கள், உடனே சட்டத்தரணியிடம் போங்கள்.

இனிக் கொடுப்பவர்களுக்கு: காணி சேராத பங்குடமைக்கு நொத்தாரிசு கட்டாயமில்லை, எழுத்தும் கையொப்பமும் போதும். தமிழிலேயே எழுதலாம். ஆனால் லாப விகிதத்தைக் கட்டாயம் எழுதுங்கள். பங்குடமைக்கு இங்கே, 1866ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஆங்கிலச் சட்டமே பொருந்துகிறது. வேறு உடன்பாடு இல்லையென்றால் 8 இலட்சம் போட்டவருக்கும் 2 இலட்சம் போட்டவருக்கும் லாபம் சமம், நட்டமும் சமம். ஒருவர் இறந்தால் பங்குடமையே கலைந்துவிடும், அதற்கும் ஏற்பாடு எழுதுங்கள். காசோலைக்கு இருவர் கையொப்பமும் வேண்டுமென வங்கியில் சொல்லிவையுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவில் உங்கள் பெயரும் இருக்கட்டும். ஆனால் அந்தச் சான்றிதழ் ஒப்பந்தத்துக்கு ஈடாகாது.

விலகும்போது வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். பதிவிலிருந்து பெயரை நீக்கி, கடனுக்குச் சரக்குத் தந்த ஒவ்வொருவருக்கும் பதிவுத் தபாலில் அறிவியுங்கள். பழைய கடன் அப்போதும் உங்களைத் தொடரும்; புதுக் கடனையாவது தடுக்கலாம்.