நைரோபியில் ஏழு வருட எம்-பெசா: ஒரு வெள்ளிக்கிழமை மாலையை முன்வைத்து

2018-இல் வேலைக்காக நைரோபி வந்தேன். வந்த வாரமே பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கினேன். அதே கவுன்ட்டரில், போன் வழியாகவே பணம் அனுப்பவும் பெறவும் உதவும் எம்-பெசாவும் பதிவு செய்து கொடுத்தார்கள். ஏழு வருடமாகத் தினமும் பயன்படுத்துகிறேன். போன வெள்ளிக்கிழமை மாலை நண்பரோடு சாப்பிடப் போன கதையைச் சொன்னாலே, அதன் நிறைகுறை முக்கால்வாசி வந்துவிடும்.

நண்பர் என் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், கென்யாவின் மேற்கே உள்ள கிசுமு பக்கத்துக்காரர். நைரோபி நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் வருடம் முழுக்க ஆறரை மணிக்கே இங்கு சூரியன் போய்விடும். ஊர் உயரமும் சுமார் 1,800 மீட்டர். ஸ்வெட்டர் இல்லாமல் கிளம்ப முடியாது. நகர மையத்தில் மட்டாட்டு, அதாவது தனியார் மினிபஸ், ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து போனை எடுக்கப் போனேன். "உள்ளே வையுங்கள்" என்று கையை அழுத்தினார். நெரிசலில் வண்டி நிற்கும்போது ஜன்னல் வழியாகப் பறித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். பணமெல்லாம் போனிலேயே இருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. பின் நம்பர் தெரியாமல் பணத்தைத் தொட முடியாதுதான். ஆனால் புது சிம் வாங்கும்வரை வீடு திரும்பக்கூடக் கையில் காசு இருக்காது. அதனால் 300 ஷில்லிங் நோட்டாக எப்போதும் வைத்திருக்கிறேன். மட்டாட்டுக்கும் அதுதான் வசதி.

கென்யாட்டா மார்க்கெட்டில் இறங்கினோம். ஒரு பக்கம் வரிசையாகப் பின்னல் கடைகள், பெண்கள் கூவிக் கூப்பிடுவார்கள். இன்னொரு பக்கம் கரி அடுப்புப் புகை. ஞாமா சோமாவுக்கு, அதாவது சுட்ட இறைச்சிக்கு, பேர்போன இடம். தொங்கும் ஆட்டில் இந்தத் துண்டுதான் வேண்டுமென்று காட்டி, எடை போட்டு, முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். சாப்பிடும் முன் ஒரு பையன் குடத்தில் வெந்நீரும் கீழே பிடிக்க ஒரு பேசினும் கொண்டுவந்து நம் கைமேல் ஊற்றுவான். பிறகு மரப்பலகையில் இறைச்சி வரும். நம் கண்முன்னே வெட்டி, பலகை ஓரத்தில் ஒரு பிடி உப்பைக் குவித்துவிட்டுப் போவார்கள். கூடவே மக்காச்சோள மாவில் கிண்டிய உகாலி, தக்காளி வெங்காயத்தில் செய்த கச்சும்பாரி. குளிர்பானம் கேட்டால் "ஜில்லென்றா, சாதாரணமாகவா?" என்று கேட்பார்கள். நண்பருக்கு எப்போதும் குளிராத ஸ்டோனி இஞ்சி சோடா. ஏழு வருடத்தில் எனக்கும் அதுவே பழகிவிட்டது.

காத்திருந்த நேரத்தில் அவருடைய அம்மாவிடமிருந்து அழைப்பு. பேசி முடித்ததும் மேஜையிலிருந்தே 1,000 ஷில்லிங் அனுப்பினார், கட்டணம் 13. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், வங்கிக் கணக்கு கிடையாது. ஊர்க் கடைத்தெருவில் உள்ள ஏஜென்டிடம் போய் நோட்டாக வாங்கிக்கொள்வார், அதற்கு 29. 2007 மார்ச்சில் இதைத் தொடங்கியபோது 'வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்' என்றுதான் விளம்பரம் செய்தார்கள். எங்கள் தெருவில் மணியார்டருக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த அம்மாவுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை என்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு நிறைகிறது.

ஆனால் கட்டணம் எனக்கு உறுத்துகிறது. நம்மூர் யுபிஐ பழகியவர்களுக்கு இன்னும் உறுத்தும். 100 ஷில்லிங் வரை அனுப்ப இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறும். கொரோனா வந்த 2020-இல் 1,000 வரை கட்டணம் இல்லாமல் விட்டிருந்தார்கள். அப்படியே விட்டிருக்கலாம். கடையின் டில் நம்பருக்கு, அதாவது கடைக்கென்று தனியாக உள்ள எம்-பெசா எண்ணுக்கு, செலுத்தினால் மட்டும் நம்மிடம் எதுவும் பிடிப்பதில்லை.

புதிதாக வருபவர்களுக்கு முக்கியமாக ஒன்று. நம்பரைப் போட்டதும், பணம் போகும் முன்பு, பெறுபவர் பெயர் திரையில் வரும். அதைப் படியுங்கள். 2019-இல் அவசரத்தில் படிக்காமல் அழுத்தி, 3,500 ஷில்லிங்கை முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்பிவிட்டேன். வந்த குறுஞ்செய்தியை உடனே 456-க்கு அனுப்பச் சொன்னவர் இதே நண்பர்தான். அந்த ஆள் இன்னும் செலவழித்திருக்கவில்லை, பணம் திரும்பி வந்தது. எடுத்துச் செலவழித்திருந்தால் மீட்பது கஷ்டம். இன்னொன்று: "தவறுதலாக உங்களுக்கு அனுப்பிவிட்டேன், திருப்பிப் போடுங்கள்" என்று யாராவது அழைத்தால் முதலில் இருப்பைப் பாருங்கள். உண்மையான செய்தி எம்-பெசா என்ற பெயரில் வரும். போலி ஏதோ ஒரு சாதாரண நம்பரிலிருந்து வரும்.

பில் 2,400. டில் நம்பர் சுவரில் பச்சை பெயின்ட்டில் எழுதியிருந்தது. நான் போனை எடுப்பதற்குள் அவர் கட்டிவிட்டார். கடைக்கார மாமா (இங்கே பெரிய பெண்மணிகளை அப்படித்தான் அழைப்பார்கள்) தன் போனில் செய்தி வந்ததைப் பார்த்துத் தலையசைத்தார். இங்கே கூப்பிட்டவர்தான் கொடுப்பார், பாதிப் பாதி பிரிக்கும் வழக்கம் குறைவு. எனக்கு மனசு கேட்கவில்லை. டாக்ஸியில் ஏறியதும் 1,200 அனுப்பினேன், கட்டணம் 23.

வீட்டு வாசலில் இறங்கும்போது போன் அதிர்ந்தது. அவர் பெயரில் 1,200 திரும்பி வந்திருந்தது. அவருக்கும் 23 போயிருக்கும். கீழே தனிச் செய்தியாக, "அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் கூப்பிடுங்கள்."