களப்பணி சூப்பர்வைசருக்கு யார் பயிற்சி தருவது? தமிழ்நாடு, நியூயார்க், இங்கிலாந்து: ஓர் ஒப்பீடு

சமூகப்பணி படிக்கும் மாணவருக்குக் களத்தில் சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் அங்கே வேலை பார்க்கும் ஒரு சமூகப்பணியாளர்தான். மாணவர் தேறினாரா இல்லையா என்பதிலும் அவர் சொல்லுக்கு எடை உண்டு. தன் வேலை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கவும், அவரை நியாயமாக மதிப்பிடவும் அவர் எங்கே கற்றுக்கொண்டார்? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு ஒரு பதில் வைத்திருக்கிறது, நியூயார்க் ஒன்று, இங்கிலாந்து ஒன்று.

மூன்றையும் ஒப்பிட ஒரு மாதிரி ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். அரசு மருத்துவமனையில் மதுப்பழக்க மீட்பு வார்டு, எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாண்டு மாணவி. அவர் எழுதுகிறார்: “நோயாளிக்கு ஆலோசனை வழங்கினேன். இனிமேல் குடிக்க மாட்டேன் என்று உறுதி கூறினார்.” களப்பணி ரிப்போர்ட் திருத்தியவர்களுக்கு இந்த இரண்டு வரிகளும் மனப்பாடம். வார்டு மாறும், ஊர் மாறும், வரி மட்டும் மாறாது. இதைப் பார்க்கும் சூப்பர்வைசர் அடுத்து என்ன செய்கிறார் என்பதில்தான் பயிற்சி இருந்ததா, இல்லையா என்பது தெரியும்.

முதலில் நம் ஊர். 1936இல் பம்பாயில் டாடா சமூகப்பணிப் பள்ளி, 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் என்று தொடங்கிய பாதையில் நமக்கு அமைந்தது இரட்டை சூப்பர்வைசர் முறை. வாரத்தில் இரண்டு நாள் களம், கிராம முகாம், கடைசியில் பிளாக் பிளேஸ்மென்ட், அதாவது தொடர்ச்சியான முழுநேரக் களம். நிறுவனத்தில் ஒரு ஏஜென்சி சூப்பர்வைசர், கல்லூரியில் ஒரு ஃபேகல்டி சூப்பர்வைசர். வாரா வாரம் ரிப்போர்ட், ஐ.சி. (ஆசிரியரோடு தனிச் சந்திப்பு), ஜி.சி. (குழுச் சந்திப்பு), பருவ முடிவில் வைவா.

இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கல்லூரி ஆசிரியரே வாராவாரம் மாணவரோடு தனியாக உட்கார்ந்து பேசுவது எல்லா நாட்டிலும் கிடைக்கிற வசதி கிடையாது. அந்த இரண்டு வரியை ஒரு நல்ல ஆசிரியர் விடமாட்டார். “அவர் எந்த வார்த்தையில் சொன்னார்? பக்கத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தாரா? அதற்கு முன்னால் நீ என்ன கேட்டாய்?” என்று துருவுவார். ஆனால் அவர் அந்த வார்டில் இல்லை. மாணவி சொல்வதை வைத்துத்தான் கேட்க முடியும். வார்டில் இருக்கும் ஏஜென்சி சூப்பர்வைசருக்கோ கல்லூரியிலிருந்து வந்தது ஒரு கடிதம், மாணவர் பட்டியல், கடைசியில் நிரப்ப ஒரு மதிப்பீட்டுப் படிவம். பல இடங்களில் அவ்வளவுதான். சில துறைகள் வருடத்துக்கு ஒருமுறை ஏஜென்சி சூப்பர்வைசர்களை அழைத்துக் கூட்டம் போடுகின்றன. நல்ல விஷயம்தான், ஆனால் ஒரு பகல் கூட்டம் பயிற்சி ஆகாது.

அந்த ஏஜென்சி சூப்பர்வைசர் சமூகப்பணி படித்தவராகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. தொண்டு நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளர், தொழிற்சாலையில் எச்.ஆர். மேலாளர், அல்லது 500 தொழிலாளரோ அதற்கு மேலோ இருந்த இடங்களில் தொழிற்சாலைகள் சட்டம் 1948 முதலில் கட்டாயமாக்கிய நல அலுவலர் என்று யாராகவும் இருக்கலாம். கேட்க ஆள் இல்லை, ஏனென்றால் செவிலியருக்கு இருப்பதுபோல் சமூகப்பணி முழுமைக்கும் ஒரு சட்டப்பூர்வ கவுன்சில் இங்கே இல்லை. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்களை உள்ளே கொண்டுவந்தது. குழந்தைகள் பாதுகாப்பு, சமுதாய வளர்ச்சி, தொழிலாளர் நலன் என்று மற்றவர்கள் வெளியேதான் நிற்கிறார்கள்.

நியூயார்க்கில் கதை வேறு. அமெரிக்காவில் அங்கீகாரம் தருவது சமூகப்பணிக் கல்விக் கவுன்சில். முதுகலைக்குக் குறைந்தது 900 மணி நேரம், இளங்கலைக்கு 400 மணி நேரம் களம் என்பது அதன் விதி. முதுகலை மாணவரை வழிநடத்துபவர் தானும் முதுகலை முடித்து, அதன்பின் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். இதற்கு மேல் நியூயார்க் வட்டாரக் கல்லூரிகள் ஒரு காரியம் செய்திருக்கின்றன. புதிதாக மாணவரை ஏற்கும் சமூகப்பணியாளருக்கு ‘சிஃபி’ (SIFI, களப் பயிற்றுவிப்புக் கருத்தரங்கு) என்ற தொடர் கருத்தரங்கு. ஒரு நாளில் முடித்துவிடாமல், மாணவர் களத்தில் இருக்கும் அதே காலத்தில் பல அமர்வுகளாக நடக்கும். ஒரு கல்லூரியில் வாங்கிய சான்றிதழை வட்டாரத்தின் மற்றக் கல்லூரிகளும் ஏற்றுக்கொள்கின்றன.

அங்கே நம் மாணவி அந்த இரண்டு வரியை எழுதவே முடியாது. ‘பிராசஸ் ரெக்கார்டிங்’ என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பக்கத்தைச் செங்குத்துப் பத்திகளாகப் பிரித்து, ஒன்றில் பேச்சை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுத வேண்டும். அடுத்ததில் அந்த நேரத்தில் தனக்கு என்ன தோன்றியது என்று எழுத வேண்டும். இன்னொன்று சூப்பர்வைசரின் குறிப்புக்கு. எழுத உட்கார்ந்தால் இப்படி வரும்:

நோயாளி: “விட்டுர்றேம்மா, சத்தியமா விட்டுர்றேன்.”
மாணவி: “ரொம்ப சந்தோஷம் அண்ணா.”
பக்கத்துப் பத்தியில்: “எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்கு மேல் கேட்கப் பயமாகவும் இருந்தது.”

பாடம் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. உறுதிமொழியை வாங்கிக்கொண்டு பேச்சை முடித்தது நோயாளிக்காகவா, தன் பயத்துக்காகவா என்று சூப்பர்வைசர் இப்போது பேச ஆரம்பிக்கலாம். அந்தத் தாளையே அவர் கருத்தரங்குக்குக் கொண்டுபோய், மற்ற சூப்பர்வைசர்களோடு “இதற்கு நான் என்ன குறிப்பு எழுதுவது?” என்று அலசலாம். தனியாக ஒரு நிறுவனத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் சமூகப்பணியாளருக்கு அந்தக் கூட்டாளிகள் பெரிய பலம். குறை என்னவென்றால், கருத்தரங்கு பேச்சோடு நின்றுவிடுகிறது. அவர் மாணவியிடம் எப்படிப் பேசினார் என்று அவரே வந்து சொல்வதுதான் சாட்சி.

அந்த இடைவெளியை அடைத்திருப்பது இங்கிலாந்து. அங்கே 200 களநாள். அதில் 30 நாள் திறன் பயிற்சி, மீதி பொதுவாக 70 நாள், 100 நாள் என்று இரண்டு களங்களாகப் பிரியும். மாணவரை மதிப்பிடுபவருக்குப் ‘பிராக்டிஸ் எஜுகேட்டர்’, அதாவது களப் பயிற்றுநர், என்று பெயர். அவருக்கான தொழில்முறைத் தரநிலைகளைப் பிரிட்டனின் சமூகப்பணியாளர் சங்கம் பராமரிக்கிறது. அந்தத் தரநிலைகளில் முதல் நிலை முடித்தவர் முதல் களத்தை மதிப்பிடலாம். மாணவரைத் தொழிலுக்குள் அனுப்புகிற கடைசிக் களத்துக்கு இரண்டாம் நிலை வேண்டும். 2019 டிசம்பரிலிருந்து ஒழுங்குமுறை அமைப்பாக இருக்கும் ‘சோஷியல் வொர்க் இங்கிலாந்து’ம் களப் பயிற்றுநர் பதிவுபெற்றவராக, தகுந்த அறிவும் திறனும் உள்ளவராக இருக்க வேண்டும் என்கிறது.

முதல் நிலை, இரண்டாம் நிலை என்ற ஏணியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பயிற்சியில் இருக்கும் பயிற்றுநர் மாணவரோடு நடத்தும் அமர்வில், அனுபவமுள்ள இன்னொரு பயிற்றுநர் வந்து ஓரமாக உட்காருகிறார். யார் அதிகம் பேசுகிறார்கள், மாணவியிடம் கேள்வி கேட்கிறாரா, பதிலையும் தானே சொல்லிவிடுகிறாரா என்று பார்த்து எழுதுகிறார். மாணவியையும் இதேபோல் வார்டில் கவனித்தாக வேண்டும். ஆக “உறுதி கூறினார்” என்ற வரியைப் பயிற்றுநர் ரிப்போர்ட்டில் மட்டும் படிப்பதில்லை, அப்படிப்பட்ட ஓர் உரையாடல் நடக்கும்போது சில தடவையாவது பக்கத்தில் இருந்திருப்பார்.

மதிப்பீட்டில் இதன் பலன் நேரடியாகத் தெரியும். களத்தில் ஒரு மாணவரைத் தேறவில்லை என்று சொல்வதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. மாதக்கணக்கில் கூடவே இருந்த பிள்ளை, டீ வாங்கிக்கொடுத்த பிள்ளை. கையில் “ஆர்வம் போதாது” என்ற பொத்தாம்பொதுவான எண்ணம் மட்டும் இருந்தால் யாரும் துணிய மாட்டார்கள், துணியவும் கூடாது. நேரில் பார்த்த குறிப்பு, பாதியில் நடக்கும் முறையான மறுபார்வை, அப்போதே மாணவரிடம் சொல்லிய குறை, சரிசெய்யக் கொடுத்த வாய்ப்பு எல்லாம் இருந்தால் முடிவு மாணவருக்கும் புரியும். நம் முறையில் கெட்டிக்கார மாணவர்தான் அதிகம் இழக்கிறார் என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் 80க்கு மேல் மதிப்பெண் போட்டால், தான் எதில் நல்லவர் என்றே அவருக்குத் தெரியாமல் போகிறது.

இங்கிலாந்து முறையில் சுமையும் அதிகம். பயிற்றுநராகத் தகுதி பெற ஆதாரக் கோப்பு தயாரிக்க வேண்டும், அதுவும் வழக்குகள் குவிந்து கிடக்கும் அலுவலகத்தில் இருந்துகொண்டு. சமூகப்பணியாளரே இல்லாத தொண்டு நிறுவனத்துக்கு மாணவரை அனுப்பினால், அன்றாடம் பார்க்க அங்கே ஒருவர், மதிப்பிட வெளியிலிருந்து ஒரு பயிற்றுநர் என்று வேலை பிரிகிறது. இது நம் இரட்டை முறைக்கு நெருங்கிய உறவு, நம் சிக்கலும் அதில் கொஞ்சம் வந்துவிடுகிறது: தீர்ப்புச் சொல்பவர் தினமும் அங்கே இருப்பதில்லை.

அப்படியானால் நமக்கு எது? இங்கிலாந்தின் இரண்டு நிலைச் சான்றிதழை அப்படியே இறக்குமதி செய்தால் இங்கே காகிதம்தான் பெருகும். கட்டாயப்படுத்த அமைப்பு இல்லாத இடத்தில் கோப்பு வெறும் கோப்பாகவே இருக்கும். நான் எடுக்கச் சொல்வது இரண்டை. நியூயார்க்கிலிருந்து, கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் தொடர் கருத்தரங்கு. சென்னையில் பல கல்லூரிகளின் மாணவர்கள் ஒரே மருத்துவமனைக்கும் ஒரே குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் போகிறார்கள். அதே சூப்பர்வைசரை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கூட்டத்துக்கு அழைப்பதைவிட, எல்லாக் கல்லூரிகளும் சேர்ந்து ஒன்றை ஒழுங்காக நடத்தலாம். அதில் பேசத் தலைவர் உரை வேண்டாம், அந்த வாரம் வந்த மாணவர் ரிப்போர்ட்டே போதும், பெயரை மறைத்துவிட்டு.

இங்கிலாந்திலிருந்து, அந்த ஓரத்து நாற்காலி. ஃபேகல்டி சூப்பர்வைசர் ஏஜென்சி விசிட் போகும்போது வருகைப் பதிவில் கையெழுத்து, ஒரு காபி, “பசங்க எப்படி இருக்காங்க சார்?” என்பதோடு திரும்பாமல், ஏஜென்சி சூப்பர்வைசர் மாணவரோடு பேசும் ஒரு அமர்வு முழுக்க உட்கார்ந்து பார்க்கலாம். அடுத்த முறை ஐ.சி.யில் ஏஜென்சி சூப்பர்வைசர் வந்து உட்காரட்டும், ஆசிரியரும் பார்க்கப்படட்டும். இதற்குப் புதுப் பணமோ பல்கலைக்கழக ஆணையோ தேவையில்லை. வேண்டியது நேரம். மருத்துவ சமூகப்பணியாளருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் மாணவர்களுக்கென்று ஒதுக்கப்படும் என்று, மாணவரைச் சேர்க்கும் அனுமதிக் கடிதத்திலேயே மருத்துவமனை எழுதித் தர வேண்டும். கல்லூரி அந்த வரியைக் கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாமல் மாணவரை அனுப்பினால், கருத்தரங்கில் கற்றதை அந்தச் சமூகப்பணியாளர் ஓ.பி. நேரத்தில் வராந்தாவில் நின்றுகொண்டுதான் செய்ய வேண்டியிருக்கும்.