டெல்டா சேற்றுக்கு எது ஏற்றது: சைடு-பை-சைடா, பழைய ஜிப்சியா?

காவிரி டெல்டாவில் ஆஃப்-ரோடு ஓட்டத்துக்கென ஒரு வண்டியை வாங்கி, அதைத் தம் விருப்பப்படி மாற்றியமைக்க நினைப்பவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. இருவர் அருகருகே அமர்ந்து ஓட்டும் போலாரிஸ் ஆர்இசட்ஆர் வகை சைடு-பை-சைடு ஒன்று. 1985 முதல் 2018 வரை மாருதி தயாரித்த ஜிப்சி மற்றொன்று. மஹிந்திரா தாரை நான் இங்கே சேர்க்காததற்குக் காரணம், ஒன்றே முக்கால் டன்னை ஒட்டிய அதன் எடையை ஈரக் களிமண் தாங்குவதில்லை என்பதுதான். மலைப்பகுதியில் ஓட்டுபவருக்குப் பாறை எதிரி என்றால் நமக்குச் சேறு எதிரி. ஆகவே மற்ற ஊர்க்காரர்கள் முதல் வேலையாகச் செய்யும் உயரம் கூட்டும் வேலை இங்கே கடைசி வேலையாக இருப்பதே நல்லது.

முதலில் எடையும் திறனும். ஆர்இசட்ஆர் எக்ஸ்பி 1000, அறிமுகமானபோது 999 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சினுடன் 107 குதிரைத்திறனைக் கொண்டிருந்தது. அதன் எடை எண்ணெய், எரிபொருள் நீங்கலாக ஏறத்தாழ 625 கிலோ. ஜிப்சி கிங்கின் 1.3 லிட்டர் எஞ்சின் 80 குதிரைத்திறன் தரும். வண்டியோ ஒரு டன்னை நெருங்கும். பாறையில் ஊர்ந்து ஏற இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. களிமண்ணிலோ டயரின் கட்டைகளுக்கு இடையே சேறு அப்பிக்கொண்டதும் டயர் வழவழவென்று ஆகிவிடுகிறது. சக்கரம் வேகமாகச் சுழன்று அந்தச் சேற்றை வீசியெறிந்தால்தான் மறுபடியும் பிடிப்புக் கிடைக்கும். எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேஸில் வேகம் குறைக்கும் பல்சக்கரங்களைப் பொருத்துபவர்கள் உண்டு. டெல்டாவில் அது எதிர்த்திசையில் செய்யும் செலவு.

டயர் தேர்வில் இங்குள்ள வயல்களின் அமைப்பை அறிந்திருக்க வேண்டும். ஆண்டாண்டாகச் சேற்றுழவு செய்த நெல்வயலில் கலங்கிய சேற்றுக்குக் கீழே, ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்தில், இறுகிய தளம் ஒன்று உருவாகியிருக்கும். டிராக்டரின் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் அந்தத் தளத்தை நம்பித்தான் நகர்கிறது. எனவே அத்தகைய நிலத்தில் உயரமான, குறுகலான டயர் சேற்றைப் பிளந்து கீழே போய்க் காலூன்றும். அகலமான டயர் மேலேயே வழுக்கித் தவிக்கும். வாய்க்கால் வண்டல் படிந்த இடங்களிலும் கொள்ளிடத்து மணலிலும் நிலைமை தலைகீழ்: அங்கே கீழே தளம் எதுவும் கிடையாது, அகலமான டயரில் காற்றைக் குறைத்து மிதக்கத்தான் வேண்டும். சைடு-பை-சைடு இரண்டாவது வகை நிலத்தில் சிறந்து விளங்குகிறது. குறுகலான டயர் போட்ட ஜிப்சி, முதல் வகையில் எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே சமாளிக்கிறது.

சைடு-பை-சைடின் பலவீனம், கியர் மாற்றாமலே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அதன் சிவிடி அமைப்பின் ரப்பர் பெல்ட். இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடும் அந்தப் பெல்ட்டைக் குளிர்விக்க வெளிக்காற்று வேண்டும். அந்தக் காற்றுக்குழாய் வழியே தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், ரப்பர் கருகும் வாடை எழும்போது பாதி ஆயுள் போயிருக்கும். உடனே நிறுத்தி, உறையின் அடியிலுள்ள வடிகால் மூடியைத் திறந்து நீரை வடித்து, கியரை நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு அழுத்தினால் மிச்ச ஈரத்தைக் கப்பியே வீசிவிடும். ஆகவே இந்த வண்டியில் முதல் பணம் போக வேண்டிய இடம், எஞ்சினுக்கு ஒன்றும் பெல்ட் உறையின் உள்வழி, வெளிவழிக்கு ஒவ்வொன்றுமாக நீருக்கு மேலே உயர்த்திய மூன்று ஸ்நார்க்கல் காற்றுக்குழாய்கள். பெரிய டயர் மாட்டினால் கப்பியின் எடைக்கட்டிகளையும் ஸ்பிரிங்கையும் அதற்கேற்ப மாற்றியாக வேண்டும். அதைச் செய்யாமல் டயரை மட்டும் பெரிதாக்குபவர் மாற்றுப் பெல்ட்டைக் கையோடு வைத்திருப்பது நலம். அடுத்தது ரேடியேட்டர். முன்மூக்கில் இருப்பதால் சேறு முழுவதும் அதன் மேல்தான் அறையும். நம் களிமண் வெயிலில் காய்ந்து செதில்களுக்கு இடையே ஓடுபோல் இறுகிவிடும். ரேடியேட்டரை இருக்கைக்குப் பின்னால் மேலே ஏற்றிப் பொருத்துவதே நிலையான தீர்வு. கழுவும்போது பின்புறமிருந்து முன்புறமாக, மெதுவான நீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தம் செதில்களை மடக்கிவிடும்.

ஜிப்சியில் இந்தத் தொல்லைகள் குறைவு. ஆனால் முன்சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளின் சீல் வழியே சேறு நுழைவதும், சூடான அச்சு குளிர்நீரில் இறங்கியதும் மூச்சுத்துளை வழியே தண்ணீரை உறிஞ்சி எண்ணெயைப் பால்போல் ஆக்குவதும் வழக்கம். மூச்சுக்குழாய்களை நீட்டி பானட்டுக்குள் உயரமாகக் கட்டுவது சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. அச்சுக்குக் கீழிருக்கும் பட்டை ஸ்பிரிங்கை மேலே மாற்றி வண்டியை உயர்த்தும் வேலையைப் பலரும் விரும்புகிறார்கள். அதனால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வும் ஸ்டீயரிங் இணைப்பும் கெடுகின்றன, சேற்றில் கிடைக்கும் பயனோ சொற்பம்.

சட்டம் இரண்டையும் வேறுவேறாக நடத்துகிறது. பதிவான வண்டியைப் பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு முரணாக மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019இல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். மறுபுறம், ஆர்இசட்ஆர் போன்ற வண்டியைச் சாலைக்குப் பதிவு செய்யவே முடியாது. சொந்த நிலத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம், கேட்டைத் தாண்டி ஓட்டக் கூடாது. மூன்று மீட்டர் நீளமும் 64 அங்குல அகலமும் கொண்ட அதைக் குட்டி யானையில் ஏற்ற முடியாது, 407 போன்ற வண்டி வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த வாடகை சேரும் என்பதைப் பலர் வாங்கிய பிறகே கணக்கிடுகிறார்கள்.

வண்டி கவிழ்ந்தால் உள்ளிருப்பவரைக் காக்கும் குழாய்க்கூடான ரோல் கேஜ் செய்ய டெல்டாக்காரர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருச்சி பெல் ஆலையைச் சார்ந்து வளர்ந்த துவாக்குடிப் பட்டறைகளில் தையலற்ற குழாயும், அதை முறையாக வளைத்துப் பற்றவைக்கத் தெரிந்தவர்களும் கிடைப்பார்கள். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் ஜிப்சியின் மெல்லிய தகடு விரைவில் துருப்பிடிக்கும். சைடு-பை-சைடின் பிளாஸ்டிக் உடலுக்கு அந்தக் கவலை இல்லை. பழைய மாருதி 800 எஞ்சினை வைத்துத் தாமே பக்கி எனும் திறந்த சிறுவண்டி செய்பவர்களும் உண்டு; இரண்டு சக்கர இழுவையுடன் அது இந்தச் சேற்றில் புதைவதற்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

சம்பா அறுத்த வயல் சும்மாதானே கிடக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அறுப்புக்கு முன்பே அந்த ஈரத்தில் தெளித்த உளுந்து அங்கே முளைத்திருக்கும், அதில் சக்கரம் இறங்கினால் யாரும் சும்மா விடமாட்டார்கள். ஆகவே பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சொந்தத் தென்னந்தோப்பும் தாழ்வான தரிசும் உள்ளவருக்கு சைடு-பை-சைடுதான் என் தேர்வு. அத்தகைய நிலமில்லாதவர், சட்டத்துக்கு உட்பட்டு டயரும் மூச்சுக்குழாயும் மட்டும் மாற்றிய ஜிப்சியை வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும், புதைந்த வண்டியைக் கம்பியால் இழுத்தெடுக்கும் வின்ச் அவசியம். தென்னையின் வேர் ஆழமாக இறங்காது என்பதால் கம்பியை நேரடியாக மரத்தில் சுற்றாமல், அகலமான பட்டையைத் தூரின் அடியில் கட்டி இழுக்க வேண்டும். 2018இல் கஜா புயலுக்குத் தப்பிய மரங்கள் என்றால் தோப்புக்காரர் அதற்குக்கூட ஒப்புக்கொள்ளாமல், பக்கத்து டிராக்டரை அழைத்துவரச் சொல்வார்.