18 அடிப் படகுக்குப் பெட்டி: பலகையா, ஃபோமா, பிளாஸ்டிக்கா, அலுமினியமா?

கொழும்பின் முகத்துவாரத்திலும் காக்கைதீவிலும் கரையேற்றி வைத்திருக்கும் பைபர் படகுகளுக்குள் எட்டிப் பார்த்தால், பெட்டி என்ற பெயரில் எல்லாமே கிடக்கும்: பாதியாக வெட்டிய நீலப் பெரல், கயிறு சுற்றிய ரெஜிஃபோம் (தெர்மோகோல்) பெட்டி, மூடி போன கூலர். அளவெடுத்துச் சொந்தமாகச் செய்ய இறங்குகிறவர் முதலில் கேட்பது எந்தச் சாமானில் செய்வது என்பதுதான். உள்ளே என்ன போகப்போகிறது என்று கேட்டுவிட்டால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். ஐசும் மீனும் போகும் பெட்டி வேறு, பேட்டரியும் லைஃப் ஜாக்கெட்டும் போகும் பெட்டி வேறு, வலை போகும் பெட்டி வேறு. மூன்றையும் ஒரே சாமானில் செய்யப் போனால் ஏதோ ஒன்றில் காசு வீணாகும்.

ஒப்பிட வசதியாக ஒரே அளவை வைத்துக்கொள்வோம்: வெளியளவு 900 × 500 × 450 மி.மீ. மேற்பரப்பு ஏறத்தாழ 2.2 சதுர மீட்டர்.

முதலில் ஐஸ் பெட்டி, சண்டை அதிகம் நடப்பது இங்கேதான். போட்டி இரண்டுக்குள்: 9 மி.மீ. மரைன் பிளைவூட்டில் கூடு செய்து உள்ளே ஃபோம் வைத்து பைபர் (கண்ணாடி இழையும் ரெசினும்) போடுவது ஒன்று. பலகையே இல்லாமல் 50 மி.மீ. பொலியூரிதேன் ஃபோமின் இருபுறமும் நேராக பைபர் போடுவது மற்றது.

பிளைவூட்டின் பலம் வேலைச் சுலபம். 8 × 4 அடித் தகடு ஒன்றே போதும். 2440 மி.மீ. நீளத்தில் 900 அகலத்துக்கு இரண்டு பத்திகளும் மிச்சம் 640-இல் ஒரு பத்தியும் கோடு போடுங்கள். முதல் இரண்டு பத்திகளில் அடி, மூடி, முன், பின்; மூன்றாவதில் இரண்டு பக்கங்கள். மிஞ்சும் 270 மி.மீ. துண்டுகள் மூலைச் சட்டங்களுக்கு ஆகும். தச்சு வேலை ஓரளவு தெரிந்தவர் ஒரு நாளில் கூட்டை நிமிர்த்திவிடலாம். பழைய சோனகத் தெருவில் தகடு வாங்கும்போது 'மரைன்' என்று சீல் இருந்தால் மட்டும் போதாது. மரைன் பிளைவூட்டுக்கான BS 1088 (பிரிட்டிஷ்) அல்லது IS 710 (இந்திய) தரக்குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டு விளிம்பில் நடு அடுக்குகளுக்கு இடையே பொந்து தெரிந்தால் அந்தத் தகடு வேண்டாம். விளிம்பிலிருந்து ஒரு சிறு துண்டைக் கேட்டு வாங்கி, வீட்டில் சில மணி நேரம் கொதிக்கவிட்டுப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் அது மரைன் அல்ல.

அதன் பலவீனம் எடை. பலகை 12 கிலோ, இருபுறமும் பைபர் 10 கிலோ, ஃபோமும் மேற்பூச்சும் 4 கிலோ என்று 25 கிலோவைத் தாண்டிவிடும். உள்ளே கொள்வதும் 92 லீட்டர் அளவுதான். பலகையில்லாத ஃபோம் பெட்டி 16, 17 கிலோவில் நிற்கும். சுவர் 55 மி.மீ. என்பதால் உள்ளே 105 லீட்டர். 25 குதிரைவலு இன்ஜின் பூட்டிய சின்னப் படகில் இந்த 9 கிலோ பெரிதல்ல என்று தோன்றலாம். ஆனால் பெட்டி நிறைந்து அணியத்தின் (படகின் முன்பகுதி) பக்கம் இருந்தால், அலையில் ஏறும்போது மூக்கு தூக்க மறுப்பது கைக்கே தெரியும். எந்தச் சாமானானாலும் ஐஸ் பெட்டியை நடுக்குறுக்குப் பலகைக்கு அருகே, தாழ்வாக வையுங்கள்.

குளிர் தாங்குவதில் பலகைக்குப் பெரிய பங்கில்லை. வேலை முழுவதும் ஃபோமுடையது. வெளியே 30 பாகை, உள்ளே 0 பாகை என்று கணக்குப் போட்டால், 50 மி.மீ. பொலியூரிதேன் வழியாக ஒரு நாளில் கரையும் ஐஸ் சுமார் 7 கிலோ. ஃபோமை 25 மி.மீ. ஆக்கினால் 15 கிலோ. மூடியைத் திறந்து மூடுவதும் ரப்பர் வழிக் கசிவும் தனிக்கணக்கு. 30 கிலோ மீனைக் கடல் சூட்டிலிருந்து 0 பாகைக்கு இறக்கவே 9, 10 கிலோ ஐஸ் போகும். மீன் எடைக்குச் சரி எடை ஐஸ் என்ற வெப்ப நாட்டுக் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

ரெஜிஃபோம் மலிவு என்று அதை வைப்பவர்கள் இரண்டு அடி வாங்குவார்கள். ஒன்று, அதே குளிருக்கு 70 மி.மீ. தடிப்பு வேண்டும். இரண்டாவது மோசம்: பொலியெஸ்டர் ரெசின் பட்டவுடன் ரெஜிஃபோம் கரைந்து குழியாகும். ரெசினில் இருக்கும் ஸ்டைரின்தான் காரணம். ரெஜிஃபோம்தான் கைவசம் என்றால் ஸ்டைரின் இல்லாத எபொக்சி ரெசின் போட வேண்டும். எபொக்சிக்கு சொப்டு மெட் (வெட்டிய கண்ணாடி இழைகளைப் பரப்பி ஒட்டிய பாய்) சரிவராது. அந்த மெட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரினில்தான் கரையும். எபொக்சியில் அது விறைத்தபடியே நின்று மூலையில் மடியாது. நெய்த துணி வாங்குங்கள். மலிவென்று தொடங்கியது இப்போது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

இன்னொரு குறுக்கு வழி, டின்னில் வரும் ஸ்பிரே ஃபோம். அது காற்றின் ஈரத்தை இழுத்து இறுகுவது. இரண்டு சுவர்களுக்கு நடுவே ஆழத்தில் இறுகாமல் பிசுபிசுவென்று கிடக்கும், பிறகு தண்ணீரும் குடிக்கும். ஊற்றித்தான் நிரப்ப வேண்டுமென்றால் இரண்டு திரவம் கலக்கும் வகையை வாங்கி, மூன்று தடவையாகப் பிரித்து ஊற்றுங்கள். சுவர்களுக்கு வெளியே சட்டம் கொடுக்காவிட்டால் ஃபோம் பொங்கிப் பெட்டி கர்ப்பிணி வயிறு போல் ஆகிவிடும்.

பைபர் போடும் அளவு, ஃபோம் பெட்டிக்கு: சதுர மீட்டருக்கு 450 கிராம் மெட் இருபுறமும் இரண்டிரண்டு அடுக்கு, மொத்தம் 3.5 கிலோ. ரெசின் அதன் இரண்டேகால் மடங்கு. சேதத்தோடு 9 கிலோ வாங்கலாம். ஹார்ட்னர் கிலோவுக்கு 10 முதல் 12 கிராம். கொழும்பு மத்தியான வெயிலில் 20 கிராம் போட்டால் ரோலர் கையில் இருக்கும்போதே வாளிக்குள் கட்டியாகிவிடும். அதற்குப் பயந்து 10-க்குக் கீழே இறக்கவும் கூடாது. அது ஒருநாளும் முழுதாக இறுகாது. ஒரு தடவைக்கு அரைக் கிலோ மட்டும் கலக்குங்கள். ரெசின் இறுகுவதைத் தூண்டும் கோபால்ட்டைத் தனியாக வாங்க நேர்ந்தால் அதை முதலில் ரெசினில் முழுதாகக் கலந்த பிறகே ஹார்ட்னர். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

மூலை வேலையைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும், பெரும்பாலான பெட்டிகள் இங்கேதான் பழுதாகின்றன. மெட் கூர்மூலையில் ஒட்டாது. விரலால் அழுத்தும்போது படியும், கையை எடுத்தால் மெல்ல எழும்பும், உள்ளே வெள்ளையாக ஒரு காற்றுக்கோடு ஓடும். அந்தக் கோடு இறுகிய பிறகு முட்டை ஓடு போல் உடைந்து தண்ணீருக்கு வழிவிடும். வெளி மூலையை 10 மி.மீ. வளைவாகத் தேய்த்துவிடுங்கள். உள் மூலையில் ரெசினும் டால்க் மாவும் குழைத்த பட்டியை, தேக்கரண்டி முதுகால் 15 மி.மீ. வளைவாக இழுத்துவிடுங்கள். மெட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் நைந்து பக்கத்துத் துண்டோடு ஒன்றாகப் படியும். கடைசிப் பூச்சில் மெழுகு சேர்ந்த ரெசின் இல்லையென்றால் மேற்பரப்பு காற்றுப்பட்டு ஒட்டிக்கொண்டே இருக்கும். ரெசின் கெட்டுவிட்டது என்று கடையில் சண்டை போடுவது பெரும்பாலும் இதற்குத்தான்.

அடுத்தது வடிகால் ஓட்டை. பிளைவூட் பெட்டி நடுப்பலகையில் உளுத்துப்போவது அபூர்வம். வடிகாலைச் சுற்றிக் கையளவு வட்டத்தில்தான் முதலில் கறுக்கும். துளைத்த விளிம்பில் பூச்சில்லாத வெறும் பலகை, அதில் 32 மி.மீ. பிவிசி குழாய், சுற்றிலும் சிலிக்கன்: இந்தக் கூட்டணி ஒரு பருவத்துக்கு மேல் தாங்காது. 45 மி.மீ.க்குத் துளைத்து, எபொக்சிக் குழம்பால் முழுதாக அடைத்து, மறுநாள் அதன் நடுவே 32-க்குத் துளையுங்கள். குழாய் பலகையைத் தொடவே கூடாது. கீல் ஸ்குரூக்களுக்கும் இதே முறைதான். ஃபோம் பெட்டியில் உளுப்பு இல்லை. ஆனால் ஸ்குரூ பிடிக்க ஒன்றுமில்லை. கீலும் கொக்கியும் வரும் இடங்களில் மட்டும் ஃபோமை வெட்டியெடுத்து பிளைவூட் துண்டு புதைக்க வேண்டும். மறந்தவர் மூடியைக் கட்டக் கயிறு தேடுவார்.

இரண்டில் எது? ஒரே ஒரு பெட்டி, முதல் தடவை, பருவக்காற்று தொடங்கும் மே மாதத்துக்கு முன் முடிக்க நாள் இருக்கிறது என்றால் பிளைவூட். மற்ற எல்லா நிலைக்கும் ஃபோம். மழைக்காலத்தில் பிளைவூட் வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஈரப் பலகையில் பொலியெஸ்டர் ஒட்டியது போல் இருந்து ஆறு மாதத்தில் தோலாக உரியும்.

வலைப் பெட்டிக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. உணவுப் பொருள் வந்த நீலப் பெரலை நீளவாட்டில் வெட்டி, அடியில் 20 மி.மீ. ஓட்டைகள் போட்டு, விளிம்பில் பிளந்த ஹோஸ் பைப்பை மாட்டினால் முடிந்தது. வலை சிக்காது, உளுக்காது. பத்து மி.மீ. எச்டிபிஇ (கெட்டியான பொலிதீன் பிளாஸ்டிக்) தகட்டில் பெட்டியாகவே செய்வோரும் உண்டு: 20 கிலோ, சூடான காற்றில் வெல்டிங், எந்தப் பசையும் ஒட்டாது. வெயிலில் 900 மி.மீ. நீளம் நான்கு மி.மீ. வரை நீளும் என்பதால் ஸ்குரூ ஓட்டைகளை நீள்துளையாகப் போடாவிட்டால் தகடு அலையலையாக வளையும். பெரல் இருக்க அது வீண்செலவு. இரசாயனம் வந்த பெரலை எத்தனை தடவை கழுவினாலும் மீனுக்கு வைக்காதீர்கள்.

அலுமினியத்துக்கு ஒரே இடம் உலர்பெட்டி, அதாவது பேட்டரியும் லைஃப் ஜாக்கெட்டும் போகும் பெட்டி. கடல் உப்பைத் தாங்கும் 5052 அல்லது 5083 வகை அலுமினியத்தில் மூன்று மி.மீ. தகட்டில் செய்தால் 17 கிலோ. தீப்பற்றாது, எலி கடிக்காது. வகை தெரியாத செக்கர் தகட்டை வாங்கிச் செய்தால் உப்பு அதைப் பொடிப்பொடியாகத் தின்னும். ஸ்டெயின்லெஸ் போல்ட் நேராகத் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி கிளம்பும், நைலோன் வொஷர் போட வேண்டும். கீல், கொக்கி எல்லாம் 316 வகை ஸ்டெயின்லெஸ். பேட்டரி வைத்தால் மேலே காற்றுத்துளை கட்டாயம், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். பெட்ரோல் கேனை அதே பெட்டிக்குள் எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. ஐஸ் பெட்டிக்கு அலுமினியம் பளபளப்பாகத் தெரியும், அவ்வளவுதான். ஃபோம் வைத்தாலும் விளிம்பு வழியே குளிர் ஓடிவிடும்.

எதைச் செய்தாலும் அடியில் 25 மி.மீ. உயரக் கட்டைகள் வையுங்கள், படகுத் தண்ணீர் கீழே ஓட வேண்டும். அடிப்பகுதி வடிகாலை நோக்கி 10 மி.மீ. சரிந்திருக்கட்டும். பெட்டியைப் பிடிக்கப் படகின் அடியைத் துளைக்காதீர்கள். குறுக்குப் பலகையில் வளையம் வைத்துப் பட்டியால் கட்டுங்கள். படகில் ஏற்றும் முன் தரையில் வைத்து விளிம்புவரை தண்ணீர் நிரப்புங்கள். நூறு கிலோ தாண்டும் என்பதால் வைத்த இடத்திலேயே விட்டு, நீர்மட்டத்தில் பென்சில் கோடு போட்டு மூடிவிடுங்கள். மறுநாள் காலை கோடு எங்கே, தண்ணீர் எங்கே என்று பார்த்தபின் ஏற்றலாம்.